சீட்டில் எழுதிய உப்பு

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. உன் வீட்டுக்காரர் படிக்கலாம், உன் மாமியார் படிக்கலாம், உன்னோடு ஐஸில் கைவைத்து இறால் உரிக்கிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுற்றி உட்கார்ந்து சத்தமாகவே படிக்கலாம். இதில் என் மானம் போகிற விஷயங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. போகட்டும். அறுபத்து மூன்று வயதுக்கு மேல் அதைக் கட்டிக் காத்து நான் என்ன செய்யப்போகிறேன்? தூத்துக்குடியிலிருந்து இந்தப் பக்கத்துப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினால் அரை மணி நேரம், நேரில் வந்து சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். நேரில் வந்தால் சாப்பிட்டாயா, மாப்பிள்ளை எங்கே என்று விசாரித்துவிட்டு, நீ போட்டுத் தருகிற காப்பியைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவுக்குப் போன் பண்ணியபோது நான் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு அரிசி மூட்டைமேல் வைத்திருந்தாள். அதனால் எல்லாம் என் காதிலும் விழுந்தது. வருகிற புதன்கிழமை தொழிலாளர் அதிகாரி வருகிறார். கம்பெனிக்குள் வைத்தால் யாரும் வாய் திறக்க மாட்டோம் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்ததால் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம், வீட்டு ஆட்களும் வந்து உட்காரலாம். கையுறை கிழிந்தால் மாற்றித் தருவதில்லை. ஒன்றுக்குப் போவதற்குக்கூடச் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உன் வரிசையில் நிற்கிற அந்தோணியம்மாளுக்கு விரலெல்லாம் வீங்கி, வீட்டில் சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை. இதையெல்லாம் அதிகாரி முன்னால் எடுத்துச் சொல்ல எல்லோரும் சேர்ந்து உன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நீ அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நான் பேசலம்மா. எல்லாத்தையும் எழுதிக் குடுத்துருதேன். நம்ம குடும்பத்துக்குத்தான் மேடை ராசி கிடையாதுல்லா."

அதைக் கேட்டதும் என் கை தராசுத் தட்டிலேயே நின்றுவிட்டது. மேடை ராசி கிடையாது என்பது உன் பேச்சு இல்லை, என் பேச்சு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் உன் கையில் கொடுத்தது. நீயும் பத்திரமாக வைத்திருந்து எங்கே போனாலும் எடுத்து நீட்டுகிறாய். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மப்ளர் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ நாலாம் வகுப்பு படித்தபோது எனக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சே வராமல் போனது உனக்கு நினைவிருக்கும். அது பொய். வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழாவில் எனக்கு நன்றியுரை கொடுத்திருந்தார்கள். வேறு எதற்கும் ஆகாத ஆளுக்குத்தான் நன்றியுரையைக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் எல்லோருக்கும் கண் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும், யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அதற்கே ஒரு பக்கம் எழுதி, குளிக்கும்போதும் கடை திறக்கும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணியிருந்தேன். கடையில் நான் போடுகிற சத்தம் தெருமுனை உப்புக் குடோன் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்த மைக்கில் "பெரியோர்களே" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அது ஒலிபெருக்கியில் வேறு யாருடைய குரலிலோ திரும்பி வந்தது. அவ்வளவுதான், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முழங்கால் வேட்டிக்குள் ஆடுவது எனக்கே தெரிந்தது. கூட்டத்தில் எவனோ, "மைக்க முழுங்கிராதிய அண்ணாச்சி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, இருமிக்கொண்டே இறங்கினேன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற மறுநாளிலிருந்து மப்ளர் சுற்றினேன். சித்திரை வெயிலில், தூத்துக்குடியில், கழுத்தில் கம்பளி. சாமான் வாங்க வந்தவர்களிடம் கையாலேயே பேசினேன். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நீதான் பாவம், அப்பாவுக்குக் குரல் போய்விட்டது என்று அழுதுகொண்டே காலையும் மாலையும் வெந்நீர் கொண்டுவந்தாய். நான் பேச முடியாதவன் என்பதால் நீயும் பேசாமல், சிலேட்டில் "சுக்கு போடவா" என்று எழுதிக் காட்டினாய். ஒன்பது வயதுப் பிள்ளை முன்னால்கூட உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தச் சிலேட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது உன் பள்ளிக்கூட ஆண்டு விழா. எட்டாம் வகுப்பு. "மரம் வளர்ப்போம்" என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். நம் தெருவில் மரம் என்று சொல்ல ஒன்று கிடையாது, உப்பு லாரிப் புழுதிதான் உண்டு. ஆனாலும் நீ கடையின் உள்ளறையில் மூட்டைகளை எதிரே வைத்துக்கொண்டு நாள் பூராவும் பேசிப் பார்த்தாய். விழா அன்றைக்கு இரண்டு வரி கணீரென்று சொன்னாய். மூன்றாவது வரி வரவில்லை. நீ கூட்டத்துக்குள் என்னைத் தேடினாய். உன் கண் வரிசை வரிசையாக வந்து என் முகத்தில் நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

பிள்ளை கஷ்டப்படுவதைப் பார்க்க முடியவில்லை என்று அப்புறம் எல்லோரிடமும் சொன்னேன். எனக்குள்ளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மேடையில் நின்றது நீயாக எனக்குத் தெரியவில்லை. நானே மறுபடி அங்கே நிற்கிற மாதிரி இருந்தது. முதல் தடவை மேடையிலிருந்து ஓடினேன், இரண்டாம் தடவை நாற்காலியிலிருந்து ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்று, காற்று இருந்த டயரை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் உனக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரனைப் பார்த்துக்கொண்டே, உன் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பேச்சைப் பேசினேன்.

"விடுளா. இதெல்லாம் நமக்கெதுக்கு. நம்ம குடும்பத்துக்கு மேடை ராசி கிடையாது."

உன்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். விழாவுக்கு வந்திருந்த உன் அம்மா அன்றைக்கு முழுக்க என்மேல் கோபமாக இருந்தாள். பிறகு கல்லூரியில் செமினார் வந்தால் நீ சிநேகிதிக்கு எழுதிக் கொடுத்துப் பேசச் சொன்னாய். கல்யாணத்தில் உன் தோழிகள் மைக்கை நீட்டியபோது மாப்பிள்ளை பக்கம் தள்ளிவிட்டாய். ஒவ்வொரு தடவையும் மேடை ராசி என்று சொல்லிச் சிரித்தாய். எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பமே அப்படித்தான் என்று ஆகிவிட்டால் நான் ஒருவன் மட்டும் கோழை இல்லையே.

நீ எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்வதற்கு வருகிறேன். எழுதுவதைக் குறைவாகச் சொல்லவில்லை, நானே இப்போது எழுதித்தான் தப்பிக்கிறேன். ஆனால் நீ பிறப்பதற்கு முந்திய வருஷம் நடந்த ஒன்றைக் கேள். அப்போது மாலத்தீவுக்குப் போகிற தோணிகளுக்கு நம் கடையிலிருந்துதான் சமையல் சாமான் போகும். ஒரு தோணித் தலைவர், இங்கே தண்டல் என்போமே, அவர் ஆள் சீட்டு கொண்டுவந்து கொடுத்தான். நான் சீட்டைக் கண்ணால் வாசித்தேன், பாதியைத்தான் உள்ளே வாயால் சொன்னேன். உன் அம்மா உள்ளறையில் எடுத்துக் கட்டினாள். அரிசி, பருப்பு, புளி, வற்றல், எல்லாம் ஏறியது. தோணி போய்விட்டது. திரும்பி வந்ததும் தண்டல் நேரே கடைக்கு வந்தார். கோபப்படக்கூட இல்லை. "அண்ணாச்சி, உப்பு வெளையுத ஊருல இருந்து போயி எட்டு நாளு உப்பில்லாம கஞ்சி குடிச்சோம். கடத்தண்ணிய ஊத்திப் பாத்தோம், ஒரே கொமட்டல். சுத்தி எங்க பாத்தாலும் உப்பு, கஞ்சிக்கு ஒரு கல்லு இல்ல."

சீட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் உப்பு என்று தெளிவாக எழுதியிருந்தது. இந்த ஊரில் உப்பை யார் மறப்பார்கள் என்று நான் நினைத்தேன், அதையெல்லாமா இவர் சொல்லாமல் விடுவார் என்று அவள் நினைத்தாள். அன்றைக்கு உன் அம்மா போட்டதுதான் நீ பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சட்டம். நான் சரக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் உள்ளேயிருந்து அதைத் திருப்பிச் சொல்லி, கட்டி வைத்துவிட்டு, "அடுத்து" என்பாள். தோணி ஆளும் வாசலில் நின்று "ஆச்சு" என்று சொன்னால்தான் அந்தச் சாமான் ஏறியதாகச் சேர்த்தி. அதற்கப்புறம் நம் கடையிலிருந்து போன எந்தத் தோணியிலும் எதுவும் விட்டுப்போகவில்லை. நீங்கள் போன வருஷம் எழுதிக் கொடுத்த மனு என்ன ஆனது? மேனேஜர் வாங்கி மேசைக்குள் வைத்தார். இப்போது அதிகாரியிடம் இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறாராம். அந்தோணியம்மாளின் விரல் சீட்டில் எழுதிய உப்பு மாதிரிதான் அந்த மேசைக்குள் கிடக்கிறது. யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எனக்கு வாய் திறந்த கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெருமழை முடிந்ததும் வார்டு கூட்டம் போட்டார்கள். அதிகாரி சின்ன வயதுப் பெண், உன் வயதுதான் இருக்கும். வாறுகால் அடைத்துச் சாக்கடைத் தண்ணீர் தெருவெல்லாம் மூன்று நாள் நின்றிருந்தது, நம் கடையில் சீனி மூட்டை கரைந்து ஓடியிருந்தது, ஆனால் மைக்கை நீட்டியபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அது கைமாறி என்னிடம் வந்தது. பக்கத்தில் கொடுத்துவிடலாம் என்று திரும்பினால் பக்கத்து ஆள் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். எழுந்தேன். பழையபடியே எல்லாம். வாய் காய்ந்து, காது அடைத்து, முழங்கால் ஆடி. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னால் பெண்கள் வரிசையிலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது, உள்ளறையிலிருந்து வருகிற அதே குரல், அதே எரிச்சலோடு.

"சரக்கச் சொல்லுங்க. கை சும்மா நிக்கில்லா."

நான் அந்தப் பெண் அதிகாரியைப் பார்த்து, "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை அண்ணாச்சி, அண்ணாச்சி என்றே சொல்லியும் கேட்டும் பழகிய வாய், வேறு எது வரும்? மண்டபம் இடிகிற மாதிரி சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பழைய நானாக இருந்தால் இருமியிருப்பேன். ஆனால் சிரிப்புக்கு மேலே "அடுத்து" என்று கேட்டது. வாறுகால் அடைப்பு, மூன்று தெரு என்றேன். வாறுகால் அடைப்பு, மூன்று தெரு என்று அவள் திருப்பிச் சொன்னாள். வீட்டுக்குள் தண்ணீர், முழங்கால் மட்டத்துக்கு. மோட்டார் இரண்டு கேட்டோம், வந்தது ஒன்று, அதுவும் ஓடவில்லை. நாலாவது சரக்குக்கு அந்த வரிசைப் பெண்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் அடுக்குமொழி பேசவில்லை, ஒரு பெரியோர்களே தாய்மார்களே கிடையாது. கடையில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன்.

அதனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. கூட்டம் முடிந்து யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அந்த அளவுக்குக் கால் நிதானத்தில் இல்லை. வாறுகாலையும் பாதிதான் தூர்வாரினார்கள். அதற்குப் பிறகு நாலைந்து கூட்டத்தில் பேசிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் முழங்கால் ஆடத்தான் செய்கிறது. ஆடிவிட்டுப் போகட்டும். முழங்காலையா கேட்கிறார்கள்? பயம் போனபிறகு பேசலாம் என்று நான் பதினேழு வருஷம் காத்திருந்தேன், அது போகவே இல்லை. நீ அந்தத் தப்பைச் செய்யாதே. மனப்பாடம் பண்ணாதே, ஒரு வரி போனால் எல்லாம் போய்விடும். உனக்குத் தெரிந்ததை, நீ தினமும் பார்க்கிறதைச் சொல். கையில் காகிதம் வேண்டாம், அது ஆடுவதை நாமே பார்த்து இன்னும் பயப்படுவோம். மேசை விளிம்பைப் பிடித்துக்கொள். முதல் வார்த்தை தப்பாக வந்தால் வரட்டும், என் அண்ணாச்சியைவிடவா தப்பாகச் சொல்லிவிடப்போகிறாய்?

வேலை போய்விடுமோ என்ற யோசனை உனக்கு இருக்கும். அது வேறு பயம், நியாயமான பயம். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, வேலை முக்கியம், வாய் திறக்க வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை இந்தப் பயத்தின் முந்தானையில் முடிந்து வைக்காதே. "எனக்குப் பேச வராது" என்று மட்டும் இனிச் சொல்லாதே. ஐஸில் நின்று நின்று விறைத்த காலோடு ஒவ்வொரு பெண்ணின் கையையும் திருப்பிப் பார்த்து மருந்து போட்டுவிடுகிறவள் நீ. கோட்டு சூட்டுப் போட்ட மேனேஜருக்கு அந்த இறால் அட்டைப்பெட்டியாகத்தான் தெரியும். அங்கே நடப்பதைப் பற்றிப் பேச உன்னைவிட அவனுக்கு என்ன தகுதி? சின்னப் பெண், பொம்பளைக்கு என்ன பேச்சு என்று சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அவர்கள்மேல் வருகிற கோபத்துக்கு நானே மைக்கைப் பிடுங்கிப் பேசிவிடுவேன், ஆனால் எனக்கு இறால் உரிக்கத் தெரியாது. உன் வேலை போனால் கடை இருக்கிறது. உள்ளறையில் நின்று திருப்பிச் சொல்ல இன்னொரு குரல் வந்தால் உன் அம்மாவுக்கும் சந்தோஷம்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே தெரிந்தது. நீ போனை வைத்ததும் உன் அம்மா என்னைப் பார்த்தாள். மத்தியானம் எனக்குச் சோறு போட்டபடி, பதினாறு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள். "நீங்க எந்திரிச்சு வெளிய போனதத்தான் அவளும் பாத்தா, நானும் பாத்தேன். அதுக்குப் பொறவு என்ன நடந்துச்சின்னு ஒங்களுக்குத் தெரியாதுல்லா. அவ எறங்கல. அங்கனயே நின்னா. மூணாவது வரிய விட்டுட்டு நாலாவதச் சொன்னா, அஞ்சாவதச் சொன்னா, நன்றி வணக்கம்னு சொல்லி கும்பிட்டுட்டுத்தான் எறங்கினா."

நீ பேசி முடித்திருக்கிறாய். நான் டயரை அமுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கண்ணில் நீர் நிற்க, பதின்மூன்று வயதில் நீ பேசி முடித்திருக்கிறாய். நானோ தோற்றுப் போன பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி மக்ரூன் வாங்கிக் கொடுத்து, ராசி இல்லை என்று சொல்லி வைத்தேன். நீயும் அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று, நீ செய்ததை மறந்துவிட்டு நான் சொன்னதை நினைவில் வைத்தாய். மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன்: என்னை மன்னித்துக்கொள். நம் குடும்பத்தில் மேடையிலிருந்து ஓடியவன் ஒரே ஒருவன்தான். அது நீ இல்லை.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் வருகிறோம். உன் அம்மா உங்கள் பெண்களோடு உட்காருவாள். ஒரு குறையைச் சொல்லி நிறுத்து, அவள் திருப்பிச் சொல்லி "அடுத்து" என்பாள், மற்றவர்களுக்கும் பழக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். நான் மூன்றாவது வரிசையில், இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற நடு நாற்காலியாகப் பார்த்து உட்காருவேன், எழுந்து போக நினைத்தாலும் ஏழெட்டுப் பேர் காலை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். சைக்கிளும் இல்லை, பஸ்ஸில்தான் வருகிறேன். பேச்சு நடுவில் நின்றுபோனால் அன்றைக்குப் போலவே கூட்டத்துக்குள் என்னைத் தேடு. நான் இருப்பேன்.

உன் அப்பா